ப்யூரெட்டை மாற்றிவைத்த நாள்

என் உயரம் நாலடி எட்டு அங்குலம். என் பொறாமை அதைவிட ஓரடி அதிகம்.

1991இல் மறைமலை நகரில் ஒரு முலாம் பூசும் கம்பெனியின் லேபில் நானும் ஸ்டெல்லாவும் ட்ரெய்னிகள். நான் வாலாஜாபாத், அவள் வடக்குப்பட்டு. மாதக் கடைசியில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அவள் நல்ல உயரம், எண்ணெய் வழியாத முகம் (முதல் ஷிப்டுக்கு ஓடிவந்தாலும்). சூப்பர்வைசர் கஜபதி சார் அவளை ‘ஸ்டெல்லாம்மா’ என்பார். என்னை வெறும் ‘ஏம்மா’.

தினமும் தொட்டி அமிலத்தை இருவரும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்தான் ப்யூரெட். அதன் மேலே பூஜ்யம் வரை காரக் கரைசலை நிரப்பி, கீழே குடுவையிலுள்ள அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விடுவோம். இளஞ்சிவப்பு வந்ததும் எவ்வளவு இறங்கியது என்று குறிப்போம். அவளுக்கு இருபது புள்ளி மூன்று வரும். சாருக்கும் அதே. எனக்கு மட்டும் மூன்று வாரமாக வெறும் இருபது.

என் கையிலா கோளாறு இருக்கும்? குழாயில்தான் என்று முடிவுகட்டினேன். கடைசிச் சோதனையன்று முதல் பஸ்ஸில் போய், என் ப்யூரெட்டை அவள் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அவளுடையதை நான் எடுத்துக்கொண்டேன். (பாவம்தான். ஆனால் அவளுக்கு இருபது வரப்போகிறதே என்று அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.)

சார் வந்தார். “ஸ்டெல்லாம்மா, எவ்ளோ?”

“இருபது புள்ளி மூணு சார்.”

“ஏம்மா, உனக்கு?”

“இருபது” என்ற நான், வாய் அடங்காமல், “அது எப்படி சார்? நான்தான் ரெண்டு ப்யூரெட்டையும் மாத்தி வச்சேனே” என்றேன்.

ஸ்டெல்லா கேட்டாள்: “இன்னாடி சொல்ற? நீயா மாத்தினே?”

சார் திட்டவில்லை. மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். “ரொப்பிக்கினு மேல ஏறிப் பாரும்மா.”

நிரப்பிவிட்டு ஏறினேன். பூஜ்யத்தில் நிற்கிறது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். கரைசலோ கோட்டுக்கு மேலே நின்றது. கீழே நின்றால் இருபதாம் கோடு என் கண்மட்டம். பூஜ்யத்தை மட்டும் இத்தனை நாளும் அண்ணாந்து பார்த்தே நிரப்பியிருக்கிறேன். கோட்டுக்கு மேலே நின்ற அந்தச் சொட்டுகள் என் கணக்கில் வரவேயில்லை.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார் சார்.

வேலை ஸ்டெல்லாவுக்கு. எனக்கு பேக்கிங் செக்‌ஷன். என் வீட்டுக்கே வந்து, என் அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே கதையைச் சொன்னதும் அவள்தான். அன்றிலிருந்து நான் யாரைக் குறை சொன்னாலும் வீட்டில் யாராவது ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போடுகிறார்கள்.

போன மாதம் ஒரகடத்தில் ஸ்டெல்லா புது வீடு கட்டிக் கூப்பிட்டாள். எவ்வளவு பெரிய ஹால்! தாங்க முடியவில்லை. “அந்தத் திரைச்சீலைக் கம்பி கோணலா இருக்குல்ல?” என்று என் கணவர் காதில் சொன்னேன். அது வீட்டுக்காரிக்கும் கேட்டுவிட்டது. ஸ்டெல்லாவே ஸ்டூலோடு வந்து நின்றாள்.

ஏறிப் பார்த்தேன். பாவி, நேராகத்தான் மாட்டியிருக்கிறாள்.