அப்பா ஏந்திய குழந்தை

கூடத்துப் படங்களைத் துடைப்பது மனைவியின் வேலை. படங்களைப் பெருக்குவது கணவருடையது.

ஞாபகத் திருத்தக்காரர் என்று ஓர் இனம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி விட்டுவைக்க இவர்களுக்கு மனம் வராது. கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் நாலு வரி சொல்லி, பழைய சம்பவத்தைப் பொன்வெளிச்சத்தில் வரையவைத்து, அச்செடுத்து, சட்டம் போட்டு, ஆணியடித்து, மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட நிறுத்தி, "இது படம் இல்ல சார், என் உணர்வு" என்பார்கள். இந்த வீட்டுக்காரருக்குக் கல்யாணப் படத்தில் தலை கொள்ளாத முடி. கல்யாணத்தன்று அதில் பாதிகூட இல்லை.

மனைவி துடைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். முடிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் மாட்டிய படத்தில்தான் துணி நின்றது. மகள் பிறந்த நாள்: ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் அவர் கண்கலங்கிக் குழந்தையை ஏந்தி நிற்கிறார். நிஜத்தில் அப்போது அவர் அலுவலகக் கேரம் போட்டியில் அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தார். தோற்றார் என்பது வேறு விஷயம். கால் வீங்க வராந்தாவில் நின்று, நர்சின் கையிலிருந்து குழந்தையை வாங்கியவள் மனைவியின் அக்கா. பிள்ளையில்லாதவள், யாரைப் பார்த்தாலும் அந்த ஒரு கதையைத்தான் சொல்வாள். படத்தில் அவள் இல்லை. அவள் கொண்டுவந்த பிளாஸ்க் மட்டும் இருந்தது, அழகுக்கு.

கழற்றிவிடச் சொன்னாள் மனைவி. கலையைப் புரிந்துகொள்ள ஒரு பக்குவம் வேண்டும் என்றார் கணவர்.

அன்று சாயங்காலமே அக்கா வந்தாள். வழக்கம்போல மகளை மடியில் இழுத்து, "உன்னை முதல்ல கையில வாங்கினது யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

"அப்பாதான் பெரியம்மா. அதோ பாருங்க."

அக்கா எழுந்துபோய், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்கு இவர் எங்க இருந்தாருன்னு கேளுடி" என்று மகளிடம் சொன்னாள் மனைவி.

மகள் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உங்களையும் சேர்த்துடலாம் அண்ணி, ரெண்டு நிமிஷ வேலை. என்ன கலர் புடவை போடட்டும்?"

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தில் நடுவில் நிற்பது நீங்கள்தானே? ஓரத்தில் நின்றவரை யார் வெட்டியது?

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தாள்.

"பச்சையா, மஞ்சளா அண்ணி?" என்று கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் கேட்டார். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தாள்.