மாமாவை மரமாக்கிய அணில் வேட்டை

அணில் வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அணிலைத் துரத்துகிறார்கள். அங்கேதான் பிழை. அணில் ஓடி ஒளிவதில்லை, சுற்றி ஒளிகிறது. நீங்கள் மரத்துக்குக் கிழக்கே நின்றால் அது மேற்கே ஒட்டிக்கொள்ளும். மேற்கே போனால் கிழக்கே வந்துவிடும். பொழுதெல்லாம் சுற்றினாலும் கிடைப்பது தலைசுற்றல் மட்டும். ஆகவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் எதிர்ப்பக்கமிருந்து சத்தம் போட்டுக்கொண்டு வர வேண்டும். சத்தத்துக்குப் பயந்த அணில், நிற்பவர் கண்ணெதிரே தானாக வந்து சேரும்.

இந்த முறையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே யோசித்துக் கண்டது. (எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்புப் பாஸ் செய்த முதல் ஆள் நான். அந்த நாட்களில் அதைச் சொல்லாமல் நான் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.)

எடப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். நெசவுதான் பிழைப்பு. தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாட்டு நூலைக் கஞ்சியில் தோய்த்து, புளியந்தோப்பு நிழலில் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி உலர்த்துவோம். அதற்குப் பாவு என்று பெயர். அந்த வருஷம் தோப்பு அணில்களுக்குக் கூடு கட்ட எங்கள் பாவு நூல்தான் வேண்டியிருந்தது. இழை இழையாகக் கடித்து இழுத்துக்கொண்டு போயின. அறுந்த இழைகளுக்கு முடிச்சுப் போட்டே அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, இடுப்பு ஒடிந்து போனார்.

எனக்கு வேறு கவலை. சேலத்துக்குப் போய் ஆசிரியைப் பயிற்சியில் சேர வேண்டும். அப்பாவுக்குச் சம்மதம். ஆனால் எங்கள் வீட்டில் மாமா தலையசைக்காமல் கோழிகூட அடை வைக்க மாட்டார்கள். அவர் "எட்டு வரைக்கும் படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் அறுந்த இழையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏ அம்மிணி, உன்ற படிப்பு இந்த அணிலுகளைத் தொரத்துமா?"

"தொரத்துமுங்க மாமா."

"தொரத்திப்போட்டீன்னா உன்னைச் சேலத்துக்கு அனுப்பச் சொல்றேன். இல்லாட்டி தறிக்கு நூல்தார் சுத்திக்கிட்டு ஊட்டுல கெட."

அம்மா குறுக்கே வந்தாள். "வேண்டாமுங்கண்ணா, ராமர் தடவிக் குடுத்த முதுகுங்க அது."

"அது ராமரோட நூலையா திருடுது? என்ற நூலையில்ல திருடுது!"

மறுநாள் விடிந்ததும் வேட்டை. மாமா கையில் களிமண் உருண்டை வைத்து அடிக்கும் உண்டிவில். என் கையில் காலி மண்ணெண்ணெய் டின்னும் ஒரு குச்சியும். மாமா சலவை வேட்டியில் பளபளவென்று வந்து நின்றார். வேட்டைக்காரர் வெள்ளை உடுத்தக் கூடாது. பொன்மேனியானாலும் மரப்பட்டை நிறத்துக்குள் அடங்க வேண்டும். அம்மாவின் பழைய செம்மண் நிறச் சேலையை எடுத்து நீட்டினேன்.

"பொம்பளச் சீலையையா?"

"வெள்ளையைப் பார்த்தா அணில் வராதுங்க மாமா."

"மேட்டூரு அணையையே நீ கட்டுன மாரியல்ல பேசற!" என்று முணுமுணுத்தார். ஆனாலும் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் தொளதொளவென்று சுற்றிக்கொண்டார்.

ஓர் அணில் ஏறியிருந்த புளியமரத்துக்கு எதிரே, பாவு நூலை ஒட்டி அவரை நிறுத்தினேன். "மரம் மாதிரி நில்லுங்க. இமைகூடக் கொட்டாதீங்க."

மாமாவிடம் ஒரு குணம். ஒத்துக்கொள்ளும் வரைதான் சண்டை போடுவார்; ஒத்துக்கொண்டால் உயிரைக் கொடுத்துச் செய்வார். அன்று அவர் நின்ற நிற்பில் ஒரு கட்டெறும்பு கணுக்கால் வரை ஏறி இறங்கிப் போனது. மனிதர் அசையவில்லை.

நான் மரத்தின் பின்பக்கமாகப் போய் டின்னை அடித்தேன். அணில் வாலைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடியது. (என் கணக்கு சரியாகத்தான் இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.) இன்னும் பலமாக அடித்தேன். அந்த மரம் இனி ஆகாது என்று அணில் முடிவு செய்தது. பக்கத்தில் செம்மண் நிறத்தில், ஆடாமல் அசையாமல், அடிப்பக்கம் பருத்த இன்னொரு மரம் தெரிந்தது. தாவி அதில் ஏறியது.

ஏறியது மேலே அல்ல, சேலை மடிப்புக்குள்.

அந்த மரம் "ஐயோ ஆத்தா!" என்று அலறியது. குதித்தது. சேலையை உதறிக்கொண்டே ஓடியது, நேராகக் கஞ்சி ஈரம் காயாத பாவுக்குள். இழைகள் படபடவென்று அறுந்தன. மாமா உருண்டார், உருள உருள நூல் அவரைச் சுற்றிக்கொண்டது. அணில் ஒரு பக்கமாக வெளியே வந்து, வாயில் ஓர் இழையோடு மரமேறிப் போய்விட்டது. சேலை எங்கேயோ கிடந்தது. மாமா கோவணமும் கஞ்சி நூலுமாகக் கிடந்தார்.

தெருவே ஓடி வந்தது. எதிர்வீட்டு ராசாத்தியக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏனுங்கண்ணா, தறியில ஏத்தறதுக்குத் தயாராயிட்டீங்களாட்டம் இருக்குது?"

அவ்வளவுதான். அழ வந்தவர்களும் சிரித்தார்கள். பொழுது சாயும் வரை ஊர் கூடி உட்கார்ந்து இழை பிரித்தது. நானும் பிரித்தேன். சேலம் போய்விட்டது என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

விளக்கு வைத்த பிறகு மாமா வந்தார். முழங்கையில் கஞ்சி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அப்பாவைப் பார்த்து, "மாப்பிள்ளே, இந்தப் புள்ளையைச் சேலத்துக்கு அனுப்பிப்போடுங்க. வெரசா அனுப்போணும்" என்றார்.

அப்பா திகைத்தார். "அணில் போகலீங்களே மச்சான்?"

"அணில் கெடக்குது உடுங்க. அது நூலைத்தான் எடுக்கும். இவ இங்கிருந்தா ஆளையே நெய்து சந்தையில வித்துப்போடுவா!"

சேலம் போனேன். பயிற்சி முடித்தேன். இன்று சம்பளம் வாங்கும் ஆசிரியை. என் வேட்டை முறையில் இன்றைக்கும் ஒரு குறையும் கிடையாது. அணில் நான் சொன்ன இடத்துக்குத்தான் வந்தது. மாமா அவ்வளவு நல்ல மரமாக நின்றது என் பிழையா?

போன தையில் தம்பி கல்யாணம். சேலத்திலிருந்து படம் பிடிப்பவர் வந்திருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "யாரும் அசையாதீங்க" என்றார். மாமா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அம்மிணி பக்கத்துல நிக்கறப்போ அது மட்டும் முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார்.

படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லோருக்கும் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. எனக்கு வலப்பக்கத்தில் மட்டும் மீசை வைத்த ஒரு புகை.