ஐந்தாம் படிக்கு அடியில் அம்மாவின் தோடி

மயிலாப்பூர்
16.10.1999, நவராத்திரி ஏழாம் நாள்

சிரஞ்சீவி கிரீஷுக்கு அப்பா சந்திரமௌலி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அமெரிக்காவில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ உன் அறையில் ஓடவிட்டுப் போன கம்ப்யூட்டரின் சௌக்கியத்தைப் பற்றி மட்டும் என்னால் இப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. இதை ஈ-மெயிலில் எழுதினால் அம்மா படித்துவிடுவாள். டெலிபோனோ கூடத்தில், கொலுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகையால் தபால். இது உன் கைக்கு வருவதற்குள் விஜயதசமி முடிந்து என் தலைவிதியும் தெரிந்துவிடும். தெரிந்தும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

கம்ப்யூட்டருக்கு வெளியே இரண்டு ஹார்ட் டிஸ்க் பெட்டிகளை நீ மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா, ஒன்றில் உன் வேலைகள், இன்னொன்றில் அம்மா தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் பாடி நீ பதிவு செய்த, அந்தத் தோடி ராகமும் சேர்ந்த நாற்பத்தோரு பாட்டுகள். பெட்டிக்கு ஒரு மின்சார வயர், கம்ப்யூட்டரோடு சேர ஒரு வயர் என்று மேஜையே தெரியாது. கொலுவுக்கு அந்த மேஜை வேண்டும் என்றாள் அம்மா. டிஸ்க் இரண்டையும் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே குடியேற்றிவிட்டால் போகிறது என்றேன். "வேண்டாம்னா, கிரீஷ் வந்து பண்ணிக்கட்டும். நான் மரப்பெட்டியை வெச்சு சமாளிச்சுக்கறேன்" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் டிராயிங் ஆபீசில் உட்கார்ந்தவனிடம் சொல்லுகிற பேச்சா இது? "உன் பாட்டு ஒண்ணு போனாலும் இந்த நவராத்திரி முழுக்க எனக்குச் சுண்டல் வேண்டாம்" என்று அவளிடம் சபதமே செய்தேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் வியாழக்கிழமை வந்தார். தங்கமான மனுஷர். உன் வேலைகள் இருந்த முதல் டிஸ்கைப் பெட்டியிலிருந்து கழற்றி உள்ளே பொருத்தி, ஓடவிட்டும் காட்டினார். பாட்டுகள் இருந்த இரண்டாவதைக் கையில் எடுத்தவர், "சார், இதுக்கு ஸ்க்ரூ சைஸு வேற கீது. திங்கக்கெழம எடுத்துக்கினு வரேன். அதுவரிக்கும் இது பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும், யாரும் தொடாம பாத்துக்க சார்" என்று சொல்லி, பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை அமாவாசைக்கு மாவிலை வாங்க மாட வீதிக்குப் போன முக்கால் மணி நேரம் மட்டும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தால் ஏழு படி கட்டி, என் எட்டு முழ வேட்டியை விரித்து, பொம்மைகளும் ஏறிவிட்டன. அம்மா வாசற்படியிலேயே மாவிலையை வாங்கிக்கொண்டு போய்க் கலசமும் வைத்துவிட்டாள். "அஞ்சாம் படிப் பலகை ஒரு பக்கம் தாழ்ந்துண்டே இருந்தது. உங்க காலிப் பெட்டி ரெண்டையும் முட்டுக் குடுத்தேன், கச்சிதமா நின்னுடுத்து" என்று பெருமையாகச் சொல்கிறாள். கலசம் வைத்தபின் விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்வரை கொலுவை அசைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பத்து அவதாரமும் உன் அம்மாவின் தோடிமேல் ஏறி நிற்கின்றன, கிரீஷ். அன்று முதல் கூடத்தை விட்டு நான் நகரவில்லை. வருகிற குழந்தைகளை ஐந்தாம் படிப் பக்கம் விடுவதில்லை. விளக்கு எண்ணெய் சொட்டினால் துடைக்கிறேன். தாம்பூலம் மடித்துக் கொடுக்கிறேன். மாமிகள் எல்லோரும் நான் திருந்திவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

திங்களன்று ஹபீபுர் ரஹ்மான் ஸ்க்ரூவோடு வந்து, "டிஸ்க் எங்க சார்?" என்றார். கண்ணால் காட்டினேன். கொலுவைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். "இன்னா சார், அதும்மேல இத்தினி பொம்ம குந்தினு கீது!" என்றார். சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். செவ்வாயன்று அம்மா கோவிலுக்குப் போன சமயம், அதே உயரத்துக்கு இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரியைச் செருகிப் பெட்டியை உருவப் பார்த்தேன். பலகை ஆடி, வாமனர் சாய்ந்து, குடை உடைந்தது. பெட்டியை மறுபடி உள்ளே தள்ளிவிட்டுக் குடையைக் கோந்து போட்டு ஒட்டினேன். மாடி வீட்டு ஷீலாவின் பூனைமேல் பழியைப் போட்டுவிட்டேன். அந்தப் பூனை அதற்கப்புறம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இதற்கு நடுவில் அம்மா தினமும், "என்ன, இன்னிக்கும் தோடி போடலையா?" என்று கேட்கிறாள். நவராத்திரியில் கம்ப்யூட்டருக்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று எதிர் வீட்டு ஜானகி மாமி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தவர், "ஒண்ணு பாடேன் நீரஜா" என்று கேட்டுவிட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் யார் எதிரிலும் பாட வாயைத் திறக்கவில்லையே. நானே முந்திக்கொண்டு, "மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டாம், கீழேயே நின்னு பாடேன்" என்றேன். பாடினாள். நாலே வரி. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அந்தப் பழைய குரல் அங்கேதான் பலகைக்கு அடியில் கிடக்கிறது, அது போய்விட்டால் இவளுக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். உன்னிடம் அந்தப் பாட்டுகளுக்குப் பிரதி இருக்கிறதா? இருந்தால் ஒரு வார்த்தை எழுது. இந்த வயசில் நான் கும்பிட்டுக் கேட்டால் உனக்குப் பாவம், ஆகையால் கட்டளையாகவே வைத்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கபாலீஸ்வரர் உன்னையும் ஐந்தாம் படியையும் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
சந்திரமௌலி

பி.கு.: அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. பதிலை மாடி வீட்டு விலாசத்துக்குப் போடு.

மறு பி.கு.: கிரீஷ், அம்மா எழுதறேன். உங்கப்பா இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு, ஒட்டாமல், பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார். நவராத்திரியில் தினமும் பஞ்சாங்கத்தைப் பிரிப்பது யார் என்று யோசிக்கவில்லை. நானே கவரை ஒட்டித் திரும்ப வைத்துவிடுகிறேன், தானே ஒட்டியதாக நினைத்துக்கொள்வார். பெட்டியைத் தூக்கும்போதே ஒன்று கனத்தது. திறந்து டிஸ்கை எடுத்து, என் கூறைப்புடவையில் சுற்றி பீரோவில் வைத்த பிறகுதான் முட்டுக் கொடுத்தேன். வாமனருக்குக் கோந்து போட எந்தப் பூனைக்கும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நவராத்திரிக்கு இவர் கூடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. இந்த வருஷம் ஏழு நாளும் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. நேற்று இவர் பக்கத்தில் இருந்ததால்தான் பாடினேன். இன்னும் மூணு நாள் உட்காரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். பாட்டு போனால் சுண்டல் வேண்டாம் என்று சபதம் செய்தவர், போய்விட்டதோ என்ற பயத்தில் என் எதிரில் அதைத் தொடுவதில்லை; நான் சமையலறைக்குப் போனதும் இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். அதையும் நான் பார்க்கவில்லை.