மகன் இருக்கிறான் என்று ஒரு மனு

மனுக்காரர் அளவுக்குப் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளை ஒழித்துக்கட்டியவர் உலகத்திலேயே கிடையாது. ஆயுதம் ஒரு நீல மைப் பேனா.

1991இல் நான் தாலுகா ஆபீஸில் முதியோர் பென்ஷன் குமாஸ்தா. வாசல் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பார் அவர்; அதனால் எங்களுக்கு அவர் மனுக்காரர். வயது வந்த மகன் இருந்தால் பென்ஷன் கிடையாது என்பது விதி. அந்த மகன் சோறு போடுகிறானா என்று விதி கேட்காது. விதிக்கு என்ன, வயிறா இருக்கிறது? அதனால் மனுக்காரர் எல்லா மனுவிலும் ‘ஆண் வாரிசு யாருமில்லை’ என்று எழுதிவிடுவார்.

வல்லக்கோட்டைக் கிழவி ஒருத்தியின் நாலு மகன்களையும் ஒரே வரியில் தீர்த்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரோடு விசாரணைக்குப் போனேன். வாசலில் நாலு பேர், நாலு முகத்திலும் கிழவியின் மூக்கு.

“நீங்கள்லாம் யாருப்பா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பக்கத்து வூடு சார்,” என்றான் மூத்தவன்.

“யம்மா, சாருக்கு மோர் குட்த்தியா?” என்றான் இளையவன்.

மனு தள்ளுபடி. திரும்பி வந்து மனுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்யா இப்படிப் பொய் எழுதற?”

“நாலுல ஒருத்தன் சோறு போட்டா நான் ஏன் சார் எழுதறேன்? நாப்பது வருசம் நாத்து நட்ட ஒடம்பு. கவர்மெண்டு குடுக்கறது இன்னா, பிச்சையா? அது அவங்க பாத்தியம் சார்.”

மனுக்காரருக்கும் வயதாகி, எழுதுகிற கை நடுங்கத் தொடங்கியது. மனு எழுத யாரும் வரவில்லை, அடுப்பு எரியவில்லை. ஒரே மகன் அம்பத்தூரில் ஃபிட்டர். ஆறு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. அவருக்காக நானே மனு எழுதினேன், அவருடைய அதே வரியைப் போட்டு. கண்ணாடி மாட்டிப் படித்தார். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். கோணல் எழுத்தில் மகன் பெயரை எழுதினார்.

“குத்துக்கல்லாட்டம் புள்ள கீறான். இல்லன்னு எழுதறியே சார்.”

“ஊருக்கெல்லாம் எழுதினியே?”

“அது ஊரான் புள்ள சார்.”

தள்ளுபடி உத்தரவை டைப் அடித்ததும் நான்தான். மூன்றாம் மாதம் ஸ்டூல் காலி. பட்டினி என்றார் டீக்கடைக்காரர். வயோதிகம் என்று இறப்புப் பதிவேட்டில் எழுதினார்கள்.

அப்புறம் வந்தான் மகன், குடிசை மனைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு. இன்னாருடைய மகன் என்பதற்கு அவனிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பழைய மனுவை எடுத்துக் காட்டினேன்.

“உன் பேரை அவரே எழுதியிருக்காரு, பாரு.”

பார்த்தான். “ஜெராக்ஸ் எடுத்துக்கட்டா சார்?” என்றான்.

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அசலை மட்டும் ஃபைலில் திரும்ப வைக்க மனசு வரவில்லை. இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.