அடுத்த சைஸ் ஆணி

‘இன்னும் தாங்கும்’ என்று ஓர் இனம் உண்டு. இதற்கு நாடு, மதம், நிறம் எதுவும் கிடையாது. எது ஆடினாலும் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் தாங்கும்” என்பார்கள். ஒஹையோவில் பழைய பியானோக்களைப் பிரித்துப் பூட்டும் லெஸ்டர் வ்ராபெல் இந்த இனத்தின் கலப்படமற்ற வாரிசு. சந்தேகமிருந்தால் அவர் மனைவி இர்மாவைக் கேளுங்கள்.

பியானோவின் கம்பிகளை இழுத்துப் பிடிப்பவை முறுக்காணிகள். அவற்றைப் பிடித்திருப்பது ஒரு மரப்பலகை. பலகையின் துளை தேய்ந்தால் ஆணி வழுக்கும், சுருதி இறங்கும். மாற்ற வேண்டியது பலகையைத்தான். ஆனால் அதற்குக் கம்பிகளையெல்லாம் கழற்றி, இரும்புச் சட்டத்தைச் சங்கிலி போட்டுத் தூக்க வேண்டும். லெஸ்டராவது, தூக்குவதாவது. உப்புத்தாளைச் சுருட்டித் துளையில் செருகுவார், பசை விடுவார், அதற்கும் மசியாவிட்டால் ஒரு சைஸ் தடித்த ஆணியை அடிப்பார், அடித்துவிட்டு ஒரு கட்டையைத் தட்டிக் காட்டி, கேட்டவர் முகம் மலரும் அந்த நொடியில் கருவிப் பெட்டியை மூடிவிடுவார். மூடுவதில்தான் என்ன சுறுசுறுப்பு.

மாதாகோவில் பாடகர் குழுவின் பின்வரிசையிலேயே தலை நரைத்துப்போன இர்மாவுக்கு அந்த ஈஸ்டரில்தான் முதன்முதலாகத் தனிப்பாட்டு கிடைத்தது. அங்கிருக்கும் பியானோவோ லெஸ்டரின் பழைய நோயாளி.

“இந்தத் தடவையாச்சும் பலகைய மாத்திடுங்க. என் பாட்டுங்க.”

“அடுத்த சைஸ் ஆணி போட்டிருக்கேன். இன்னும் தாங்கும்.”

“போன வருஷமும் அடுத்த சைஸ்தான்.”

“அதுக்கு அடுத்தது இது.”

அதற்கு அடுத்தது உலகத்தில் கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. அடித்தபோது பலகைக்குள் ‘சடக்’ என்று கேட்டதையும் சொல்லவில்லை.

ஈஸ்டர் காலை. இர்மா புதுச் சட்டையில் முன்னால் வந்து நின்றாள். முதல் அடி தேன்தான். இரண்டாவது அடியில் ஓர் ஆணி வழுக்கியது, பிறகு பக்கத்து ஆணி, பிறகு வரிசையாக எல்லாம். பியானோவின் சுருதி சத்தமில்லாமல் கீழே இறங்க, பின்னாலிருந்த குழுவும் சமர்த்தாக அதோடு இறங்கியது. இர்மாவின் காது சுத்தமான காது, அவள் இறங்கவில்லை. பிறகென்ன? சரியாகப் பாடியவள் ஒருத்திதான், தப்பாகக் கேட்டதும் அவள் குரல்தான். “பாவம், பதட்டம்” என்று முன்வரிசை முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் லெஸ்டர் பன்றித்தொடையை நறுக்கிக்கொண்டே சமாதானம் சொன்னார்: “நீதான் கொஞ்சம் மேல போயிட்ட. மத்தவங்க எல்லாரும் ஒண்ணாத்தானே இருந்தாங்க?”

இர்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஏங்க, இந்த வீட்டுல நீங்களும் ரொம்ப நாளா லூசாத்தான் இருக்கீங்க. அடுத்த சைஸ் ஒண்ணு பார்த்துடட்டுமா?”

மறுநாள் காலை லெஸ்டர் மாதாகோவிலுக்குச் சங்கிலியோடு போனார். பலகை இரண்டு துண்டாக வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி குளியலறைக் கதவோடு மல்லுக்கட்டும்போது, “லேசாத் தூக்கி, கீழ ஒரு உதை விட்டு இழுங்க, வந்துடும்” என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பது யார்?