சொந்தமாக எழுதிய தப்பு

நல்ல பழக்கம் எங்கே போனாலும் நல்ல பழக்கம்தான் என்று நம்புகிறவர்கள், என் முதல் செமஸ்டர் பரீட்சைக்கு வந்திருக்க வேண்டும்.

தாராவியில் நான் படித்த தமிழ்ப் பள்ளியில், ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நின்று “குட் மார்னிங் டீச்ச்ச்சர்” என்று ராகம் போட வேண்டும். பாடிப் பாடி அது என் முழங்காலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாட்டுங்கா கல்லூரியிலும் மரியாதையில் குறை வைக்கக் கூடாது என்றிருந்தேன்.

பொருளாதாரப் பரீட்சை. நடுவில் துணை முதல்வர் மேடம் சுற்றிப் பார்க்க உள்ளே வந்தார். முழங்கால் என்னைக் கேட்கவில்லை. எழுந்தேன், பாடினேன். (தனியாகத்தான். மற்ற எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.) எழுந்த வேகத்தில் பெஞ்ச் ஆட, என் தாள்கள் ஃபேன் காற்றில் பறந்தன. அதில் ஒன்று பக்கத்து பெஞ்ச் நேஹாவின் விடைத்தாள் மேல், யாரோ எடுத்து வைத்ததுபோல் பாந்தமாக உட்கார்ந்தது. ஜன்னல் பக்கம் நின்ற கண்காணிப்பாளர் திரும்பியபோது பறத்தல் முடிந்திருந்தது. தாள் கைமாறுவதற்கு நான் கொடுத்த சைகைதான் அந்தப் பாட்டு என்று முடிவு கட்டினார்.

விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். பயத்தில் தமிழும் இந்தியும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொண்டன. இரண்டு பேர் விடைத்தாளையும் பிடுங்கிக்கொண்டார்கள். காப்பியடித்தது என்று முடிவானால் செமஸ்டரே போய்விடும். வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வா என்றார்கள்.

அம்மா, பை தைக்கும் கார்கானாவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சர்ச்சுக்குக் கட்டும் சேலையில் வந்தாள். மேடத்தின் அறை வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டி, பாத்தா எழுதுன?”

“இல்லம்மா.”

“அப்ப தலைய நிமித்திட்டு வா. குனிஞ்சிட்டுப் போனா பாத்து எழுதுனவன்னுதான் நெனப்பாவ.”

உள்ளே மேடம் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். விலைக்கும் வாங்கும் அளவுக்கும் கோடு வரையச் சொன்ன கேள்வி அது. விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள். ஆகவே கோடு இறங்க வேண்டும். நேஹாவின் கோடு ஒழுங்காக இறங்கியது. என்னுடையது மூச்சு வாங்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டார். எங்கள் சந்தில் வெங்காயம் விலை ஏறத் தொடங்கினால், நாளைக்கு இன்னும் ஏறும் என்று எல்லோரும் ஓடிப்போய் அள்ளி வருவார்கள் என்றேன். அம்மா பலமாகத் தலையாட்டினாள். (சாட்சி வேறு!)

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். காப்பியடித்திருந்தால் இரண்டு கோடும் ஒரே பக்கம் போயிருக்கும், இந்தத் தப்பு இந்த வகுப்பில் வேறு யாருக்கும் வராது என்று இந்தியில் சொன்னார். அந்தக் கேள்விக்கு எனக்கு முட்டை, செமஸ்டர் பிழைத்தது. வெங்காய விஷயத்துக்கும் பொருளாதாரத்தில் தனியாக ஒரு பாடம் இருக்கிறதாம், அடுத்த வாரம் வகுப்பில் அதை நானே சொல்ல வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் சந்து முழுக்க, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அம்மா சொல்லிக்கொண்டு போனாள்: “எம்மவ யாரையும் பாத்து எழுதல. அம்புட்டையும் சொந்தமா யோசிச்சுத் தப்பா எழுதியிருக்கா.”

இப்போது நான் பொருளாதாரத்திலேயே எம்.ஏ. முடித்துவிட்டேன். ஆனாலும் என் கையால் குழம்பில் உப்பு கூடிப்போனால், அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவைப் பார்ப்பார். அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள்:

“யாரையும் பாத்து வைக்கல, சொந்தமா வச்சதுதான்.”