இலுப்பை மரம் சங்கத் தலைவரான கதை

ஒரு காட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான், ஓர் இலுப்பை மரம் நின்றது. அதில் குடியிருந்தவர்கள் சேர்ந்து கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் ஒன்று நடத்திவந்தார்கள். சங்கம் என்றால் சும்மா இல்லை. பதிவு எண் உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு, ஆளுக்கொரு பங்குப் பத்திரம் உண்டு. ஒற்றுமை மட்டும் கிடையாது. அது எந்தச் சங்கத்தில்தான் இருக்கிறது, இங்கே இருக்க?

செயலாளர், வடிவு என்ற அணில். கெட்டிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மரப்பொந்தில் அவளுக்கு இன்னும் கண் திறக்காத குட்டிகள் மூன்று. அந்த நேரம் பார்த்துத்தானா பலவேசம் என்ற காட்டுப்பன்றிக்குச் சேற்றுக்குளியல் ரிசார்ட் கட்டும் ஆசை வர வேண்டும்? சுற்றியுள்ள நிலமெல்லாம் அவன் பெயரில் இருந்தது. குறுக்கே நின்றது மரம் ஒன்றுதான். அதை வெட்ட மனுப் போட்டுவிட்டான்.

வடிவு அடித்துப் பிடித்துக்கொண்டு கரடி நீதிபதியிடம் ஓடினாள்.

"ஐயா, எம்பிள்ளைகளுக்கு இன்னும் கண்ணுகூட முழிக்கல. எங்க தூக்கிட்டுப் போவேன்?"

"தனியாள் சொல்றது இங்க எடுபடாதும்மா" என்றார் கரடி. "வெள்ளிக்கிழமைக்குள்ள சங்கத் தீர்மானம் கொண்டா."

இங்கேதான் வந்தது வினை. சங்கத்தில் உறுப்பினர்கள் நாற்பது பேர். இருபது பேர் வௌவால்கள். மீதி இருபது பேர் அணில்கள், மைனாக்கள், ஒரு மரங்கொத்தி. தீர்மானம் செல்ல வேண்டுமானால் பாதிக்கு மேல், அதாவது இருபத்தொரு பேர், விழித்த நிலையில் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பது துணைவிதி. பகலில் கூட்டம் போட்டால் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக் குறட்டை விடும். இரவில் போட்டால் மற்றவர்கள் குறட்டை விடுவார்கள். அந்தியில் எல்லோரும் விழித்திருப்பது வாஸ்தவம்தான். ஆனால் மைனாக்கள் கூடடையும் இரைச்சலில் இடி விழுந்தாலும் காதில் விழாது. வௌவால்களோ பசியில் பறந்துவிடும். பதினோரு வருஷத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியதில்லை. புதிதாக ஓர் ஆளைச் சேர்க்கலாமென்றால் அதற்கும் தீர்மானம் வேண்டும்.

வேறு வழியில்லாமல் வடிவு உடும்பு சட்ட நிறுவனத்தின் படியேறினாள். வக்கீல் பாக்கியநாதன் உடும்பு நல்ல காரியங்களுக்கு மட்டுமே வாதாடுவார், அதுவும் இலவசமாக. எறும்புகளின் அறக்கட்டளையும் தவளைகளின் குளம் காக்கும் இயக்கமும் அவருடைய கட்சிக்காரர்கள். சொந்த வீட்டோடு பிறக்கிற நத்தைகளுக்கே வீட்டு வசதிச் சங்கம் பதிவு செய்து கொடுத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவு குட்டிகளைப் பற்றி அழுது முடிக்கும்வரை அவர் துணைவிதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"செயலாளரம்மா, அந்த மரத்துல ரொம்ப நாளா இருக்கிறது யாரு?"

"கிழட்டு வௌவால் ஒருத்தர் இருக்காரு ஐயா."

"அவருக்கும் முந்தி?"

"அவருக்கு முந்தி வெறும் மரந்தான்."

"அப்ப மரம்தானே மூத்த குடியிருப்புக்காரர்! பதிவேட்டுல பேரு விட்டுப்போயிருக்கு. விட்டுப்போன பேரைச் சேர்க்கத் தீர்மானம் வேண்டாம், உங்க கையெழுத்தே போதும்."

"மரம் எப்படி ஐயா ஓட்டுப் போடும்?"

"ஆட்சேபணை உண்டான்னு மூணு தரம் கேளுங்க. பேசலைன்னா சம்மதம். மௌனம் சம்மதம்னு ஊரே சொல்லுதே."

"தூங்கிட்டு இருந்தா?"

"மரம் தூங்கினதைப் பார்த்த சாட்சி யாராவது உண்டா?"

வடிவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை பகலில் இருபது பேரும் ஒரு மரமும் கூடினார்கள். மரத்தை வெட்டக் கூடாது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதில் கையெழுத்திடத் தலைவர் வேண்டுமே! பத்து மைனாக்கள் போட்டியிட்டன. பத்துக்கும் தலா ஒரு ஓட்டு, அவரவர் போட்டது. வெறுத்துப்போன வடிவு மரத்தின் பெயரை முன்மொழிந்தாள். மரம் மறுக்கவில்லை. அன்று மாலையே மரத்தடியில் 'தலைவர்' என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

கரடி தீர்மானத்தை ஏற்றுத் தடை உத்தரவு போட்டார். "இன்று முதல் இந்தக் காட்டில், சாட்சி முன்னிலையில் மூன்று தரம் கேட்டும் பேசாதிருப்பவர் சம்மதித்தவரே ஆவார்" என்று தீர்ப்பிலும் எழுதினார். வடிவு ஆனந்தத்தில் மரத்தை ஏழு தரம் ஏறி இறங்கினாள்.

மறுநாள் காலை பலவேசம் நாலு சாட்சிகளோடு மரத்தடிக்கு வந்தான். ரொம்பப் பணிவாக நின்றான்.

"தலைவரே, உங்களை வெட்ட ஆட்சேபணை உண்டுமா?"

மூன்று தரம் கேட்டான். வடிவு மேலே இருந்து "உண்டு, உண்டு!" என்று கத்தினாள்.

"நான் தலைவர்கிட்ட பேசிட்டு இருக்கேன் தாயி" என்றான் பலவேசம்.

கரடிக்கு வேறு வழியில்லை. தடை உத்தரவு ரத்தானது. வடிவு வக்கீலிடம் ஓடினாள். அவர் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார், சந்தோஷத்தில்.

"பார்த்தீங்களா? நம்ம வாதத்தையே எடுத்து வாதாடியிருக்கான்! நாம முன்னுதாரணம் ஆயிட்டோம்!"

"ஐயா, மரம் போகுதே!"

"மரம் போனா என்னம்மா, தீர்ப்பு நிக்குதுல்ல?"

வடிவுக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கடித்துவைத்திருப்பாள். தோல் கெட்டி என்பதால் விட்டாள்.

வெள்ளிக்கிழமை பலவேசம் வேரைத் தோண்ட ஆரம்பித்தான். கூலிக்கு ஆள் வைக்காமல் தானே தோண்டினான், அவனுக்கு அதில் ஒரு ருசி. வக்கீலும் வந்திருந்தார், தன் தீர்ப்பு அமலாவதைக் கண்ணாரப் பார்க்க. வடிவு ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினாள். எங்கே போவதென்று தெரியவில்லை. அப்போது வேருக்கடியில் வள்ளிக்கிழங்கு ஒன்று தட்டுப்பட்டது. தொடைப் பருமன். பலவேசம் முழுசாக வாயில் திணித்துக்கொண்டான். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன.

வடிவு குட்டியைக் கீழே வைத்தாள். அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"பலவேசம் அண்ணாச்சி, உங்க நிலம் பூராவையும் எங்க சங்கத்துக்குக் குடுக்க ஆட்சேபணை உண்டுமா? ஒருதரம்!"

"ம்ம்ப்" என்றான் பலவேசம்.

"ரெண்டுதரம்!"

துப்பியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் வாய்க்குள் போனதைத் துப்பிய காட்டுப்பன்றி இதுவரை பிறக்கவில்லை. தலையைப் பலமாக ஆட்டினான். அது ஆமாமா இல்லையா என்று பார்த்த யாருக்கும் விளங்கவில்லை.

"மூணுதரம்!"

"பேசவில்லை" என்று வக்கீல் பாக்கியநாதன் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். கட்சிக்காரர் ஜெயித்ததைவிட, தீர்ப்பு இரண்டாம் தரமும் செல்லுபடியானதில் அவருக்குப் பெருமை.

மரம் நின்றது. நிலமும் சங்கத்துக்கு வந்தது. குட்டிகளைப் பொந்துக்குள் சேர்த்தபோது வடிவு வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து காட்டில் யாரும் வாயை மூடுவதில்லை. மூடினால் என்ன கைமாறும் என்று யாருக்குத் தெரியும்? மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே பேசின, பாதிக்குப் புரையேறியது. வௌவால்கள் தூக்கத்தில் "ஆட்சேபணை, ஆட்சேபணை" என்று முறை வைத்து முனகின. வடிவும் நாள் முழுக்க எதையாவது பேசிக்கொண்டேயிருந்தாள். தாடை வலித்தது.

ஒருநாள் மதியம் பசி தாங்காமல் ஒரு கொய்யாவைக் கடித்தாள். மைனா ஒன்று பக்கத்தில் வந்து அமர்ந்தது.

"பேசாம சாப்பிடுங்கக்கா. புரையேறிடப் போகுது."

எவ்வளவு அக்கறை என்று வடிவுக்கு மனசு நெகிழ்ந்தது. வாய் நிறையக் கொய்யாவோடு நிமிர்ந்து பார்த்தாள். மைனாவுக்குப் பின்னால் இரண்டு சாட்சிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நீதி: சாப்பிடும்போது பேசாதே என்று யாராவது அன்போடு சொன்னால், முதலில் துப்பு.